மறு: ‘பல்க் கலெக்‌ஷன்’, ‘மாஸ் சர்வைலன்ஸ்’: ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாலு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இழை எங்கோ போய்விட்டது. பாதி மடல்கள் சொல்லைப் பற்றி, மீதி அரசியல் பற்றி. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், மக்களின் தொடர்பு விவரங்களை அரசுகள் மொத்தமாக எடுப்பது பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியலை முடித்துக் கொடுக்கவேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> இரண்டும் ஒன்றுதான். ‘பெருந்திரள் கண்காணிப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

முடிக்கக் கூடாது என்பது என் கட்சி. பிரிட்டனின் 2016 விசாரணை அதிகாரங்கள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘பல்க்’ என்ற சொல் சட்டத்திலேயே அச்சாகியிருக்கிறது. செய்தித்தொடர்பை வழியில் எடுப்பது, தனியாள் விவரத் தொகுப்புகளை வைத்துக்கொள்வது, கருவிகளுக்குள் நுழைவது என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘பல்க்’ நிற்கிறது. எதிர்த்து வழக்காடிய உரிமை அமைப்புகள் அதே வேலையைத்தான் ‘மாஸ் சர்வைலன்ஸ்’ என்றன. அரசுத் தரப்பு அந்தச் சொல்லைக் கிட்டவே சேர்க்கவில்லை. நாங்கள் நிறைய எடுக்கிறோம், ஆனால் ஆள் பார்ப்பது கொஞ்சத்தைத்தான், ஆகவே இது எல்லாரையும் கண்காணிப்பதாகாது என்பது அவர்கள் வாதம். எடுத்த நொடியிலேயே கண்காணிப்பு தொடங்கிவிட்டது என்பது எதிர்வாதம். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு வரை போய் 2021 மே மாதம் தீர்ப்பானது. அந்த முறையையே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை காப்பு இருக்கவேண்டும், 2016 சட்டத்துக்கு முந்தைய பிரிட்டனின் பழைய ஏற்பாட்டில் அது போதவில்லை என்றது.

இப்படி இரு தரப்பும் ஆளுக்கொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நாம் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போட்டால் வழக்கையே மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடுவோம். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி.

தவிர, ‘பெருந்திரள்’ என்று தமிழ்க் காது கேட்டவுடன் கூட்டம்தான் கண்ணுக்கு வரும். தேரோட்டத்துக்கு வந்த திரளைக் கேமரா வைத்துப் பார்க்கிறார்கள் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே கூட்டமே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் வீட்டில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

> ‘கலெக்‌ஷன்’ என்றால் சேகரிப்பு. இதில் என்ன சிக்கல் இருக்கப் போகிறது?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2013 மார்ச் 12 அன்று அமெரிக்க செனட் குழுவில் நடந்ததைப் படிக்கும் வரை. கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது ஒரு வகைத் தரவை அந்நாட்டு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. ‘கலெக்ட்’ செய்கிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டார். இல்லை, தெரிந்து செய்வதில்லை என்றார் தேசிய உளவு இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 5 அன்று, என்.எஸ்.ஏ.வில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த ஸ்னோடன் கொடுத்த ஆவணத்தைக் கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரம் முழுவதையும் அன்றாடம் கொடுத்துவர வேண்டும் என்று வெரைசன் நிறுவனப் பிரிவு ஒன்றுக்கு ரகசிய நீதிமன்றம் இட்ட ஆணை அது. யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம் என்ற விவரம். என்ன பேசினார்கள் என்பது மட்டும் அதில் கிடையாது.

அப்புறம் கிளாப்பர் கொடுத்த விளக்கம்தான் நம் குழுவுக்குத் தேவையானது. நூலக அலமாரியில் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. அதில் ஒன்றை உருவித் திறந்து படித்தால்தான் எனக்கு அது ‘கலெக்‌ஷன்’ என்றார். கேட்கச் சாக்குப்போக்கு மாதிரி இருக்கலாம். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய விதி ஒன்றிலும் இதே வாடை உண்டு. உளவுப் பணியாளர் ஒருவர் தன் வேலைக்குப் பயன்படுத்தவென்று ஒரு தகவலைப் பெற்றுக்கொண்டால்தான் அது ‘கலெக்ட்’ செய்யப்பட்டதாகக் கணக்கு. கணினியில் வந்து கிடப்பது கணக்கில் வராது. ஒரு வினைச்சொல்லுக்கு இப்படி ஒரு வரையறையை வைத்துக்கொண்டால் நாட்டின் அழைப்பு விவரம் அத்தனையும் வந்து குவிந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லிவிட முடிகிறது.

‘சேகரிப்பு’, ‘திரட்டல்’ இரண்டிலும் இதே ஓட்டை இருக்கிறது. சேகரிப்பதில் ஒரு தேர்வு, ஒரு பொறுமை உண்டு. நாணயம் சேகரிப்பவர், தபால்தலை சேகரிப்பவர் என்கிறோம். எடுத்த கணத்திலேயே செயல் முடிந்துவிட்டது, பிறகு பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எடுத்தது எடுத்ததுதான் என்று ஒலிக்கிற சொல் வேண்டும். அதற்கு என் பரிந்துரை அள்ளல். தரவு அள்ளல்.

நெல்லை அள்ளுகிறோம், மணலை அள்ளுகிறோம். அள்ளும்போது யாரும் எண்ணுவதில்லை, கல்லையும் பதரையும் பிரிப்பதில்லை. இதற்கு எதிர்ச்சொல்லும் தமிழில் தயாராக இருக்கிறது, பொறுக்குதல். அரிசியில் கல் பொறுக்குவது, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பது. சட்டத்தில் இருக்கும் வேறுபாடு அப்படியே இந்த இரண்டு வினைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மறுப்புகள் வரும். ‘அள்ளல்’ என்றால் சேறு என்று பழந்தமிழ் படித்தவர்கள் எழுதுவீர்கள். உண்மைதான், ஆனால் இன்று வயலில் நிற்பவரிடம் போய் அள்ளல் என்றால் சேற்றை நினைக்கமாட்டார். ‘அள்ளு கழண்டுருச்சு’ என்று பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அரசை ஏசுகிற சொல்லாக இருக்கிறதே என்றால், இல்லை. அள்ளிக் கொடுத்தலும் அள்ளல்தான். அரசு வழக்கறிஞரும் கூச்சமில்லாமல் எழுதக்கூடிய சொல்லாக இருக்கவேண்டும் என்பதையும் யோசித்தேன்.

‘பொறுக்குசொல்’ என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 2015 ஜூன் 2 அன்று ஒபாமா கையெழுத்திட்ட யு.எஸ்.ஏ. ஃபிரீடம் சட்டம் தரவு அள்ளலை எப்படி நிறுத்தியது என்றால், ஒரு ஆளை, ஒரு கணக்கை, ஒரு எண்ணைக் குறிப்பிட்டுத்தான் விவரம் கேட்கமுடியும் என்று விதித்தது. அந்தக் குறிப்புக்குச் சட்டம் வைத்த பெயரின் நேர்ப்பொருள் ‘குறித்துத் தெரிவுசெய்யும் சொல்’. பொறுக்குசொல் என்றால் அதில் பாதி நீளம்.

சட்டம் பொறுக்கச் சொன்னபின் என்ன ஆயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன், வரையறை எழுதும்போது உதவும். 2016இல் அந்தச் சட்டத்தின்கீழ் குறிவைக்கப்பட்டவர்கள் 42 பேர். வந்து சேர்ந்த அழைப்புப் பதிவுகள் 15 கோடிக்கும் மேல். குறித்த எண்ணோடு தொடர்புகொண்டவர்கள், அவர்களோடு தொடர்புகொண்டவர்கள் என்று இரண்டு தாவல் வரை போகலாம் என்று சட்டமே அனுமதித்தது. ஆகவே நம் வரையறையில் ‘குறைவாக எடுப்பது பொறுக்கல், நிறைய எடுப்பது அள்ளல்’ என்று எழுதிவிடாதீர்கள். அளவு இதில் அளவுகோல் இல்லை. சந்தேகம் முதலில் வந்ததா, தரவு முதலில் வந்ததா என்பதுதான் கேள்வி. நம் ஊர்ப் போலீஸ் ‘டவர் டம்ப்’ கேட்கிறது அல்லவா, சம்பவ நேரத்தில் அந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்த எல்லா எண்ணும்? அது சின்ன ஊரில் நானூறு எண்ணாக இருந்தாலும் அள்ளல்தான்.

> ‘கண்காணிப்பு’ மிகவும் மென்மையான சொல். ‘வேவு’ என்று பச்சையாகச் சொல்வோம்.

கண்காணிப்பு மென்மையானது என்று சொன்னவர் மலையகத்துக்காரர் இல்லை என்று மட்டும் நிச்சயம்! தேயிலைத் தோட்டத்தில் கங்காணி என்பவர் யார்? கண்காணிதான் கங்காணியானது. இலங்கையிலும் மலாயாவிலும் ஆள் பிடித்துக் கொண்டுபோனவரும் அவரே, வரிசையில் நின்று வேலை வாங்கியவரும் அவரே, கடன்கணக்கு வைத்திருந்தவரும் அவரே. பாதுகாக்கிறேன் என்ற பெயரில் பிடியில் வைத்திருப்பது என்ற பொருள் அந்தச் சொல்லில் நூறு வருடத்துக்கு மேலாக ஊறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் அது மழுங்கியதற்குக் காரணம் ‘காவல் கண்காணிப்பாளர்’ போன்ற பதவிப் பெயர்களும், ‘மருத்துவர்கள் கண்காணிப்பில் இருக்கிறார்’ என்ற செய்தித்தாள் தமிழும்.

வேவுக்கு என் தடை வேறு. தொல்காப்பியம் வெட்சித் துறைகளில் ‘வேய்’ என்று சொல்வது ஒற்றர் வழியாகப் பகைவர் இடத்தை அறிவதை. வேவு பார்ப்பது எதிராளியை. அமெரிக்காவின் 1978 அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் முதல் சொல்லே ‘அயல்நாட்டு’ என்பதுதான். எழுபதுகளில் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் நடந்த விசாரணையில், உளவு அமைப்புகள் சொந்தக் குடிமக்களையே, மார்ட்டின் லூதர் கிங் உட்பட, வேவு பார்த்தது வெளிவந்தபின் பிறந்த சட்டம் அது. பகைவரைப் பார்க்கும் வேலையையும் குடிமகனைப் பார்க்கும் வேலையையும் ஒரே சொல்லால் எழுதினால் அந்தக் கோடே அழிந்துபோகும். ‘வேவு’ அயல்நாட்டு உளவுக்கு இருக்கட்டும்.

‘மாஸ் சர்வைலன்ஸ்’ என்பதற்கு ஒட்டுமொத்தக் கண்காணிப்பு என்கிறேன். ‘ஒட்டுமொத்தமா எல்லாரையும் திருடன்னு சொன்னா எப்படி?’ என்று வழக்கில் பேசுகிறோமே, அந்தக் குறைப்படும் தொனி இதற்கு வேண்டும், ஏனென்றால் இது எதிர்ப்பவர் சொல். இழையில் ஒரு நண்பர் ‘வரைவிலாக் கண்காணிப்பு’ என்று எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. திருக்குறளின் 92ஆம் அதிகாரத் தலைப்பு ‘வரைவின் மகளிர்’, அதாவது விலைமகளிர். அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

> ‘இன்டர்செப்ஷன்’ = இடைமறிப்பு. அரசு அகராதியிலும் அதுவே.

ஏவுகணைக்குச் சரி. செய்திக்குச் சரியில்லை. இந்தியாவின் பழைய 1885 தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவை நிதானமாகப் படியுங்கள். செய்தியை அனுப்பாமல் விடுவது, ‘இன்டர்செப்ட்’ செய்வது, தடுத்துவைப்பது, அரசுக்கு வெளிப்படுத்துவது என்று நான்கும் தனித்தனியாக இருக்கின்றன. மறித்தால் செய்தி நின்றுபோகும், அது தடுத்துவைத்தல். இங்கே செய்தி தன் பாட்டுக்குப் போய்ச் சேர்கிறது, நடுவில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார், அனுப்பியவருக்கும் தெரியாது பெற்றவருக்கும் தெரியாது. நான் இடையெடுப்பு என்று எழுதிவருகிறேன். போன் பேச்சுக்கு மட்டும் என்றால் ‘ஒட்டுக்கேட்பு’ போதும். 1996இல் உச்ச நீதிமன்றம் பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பின் வழக்கில் நடைமுறை வகுத்துக் கொடுத்ததும், 2011இல் உள்துறை அமைச்சகம் இட்ட ஆணை ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்ததும் ஒட்டுக்கேட்பைப் பற்றித்தான். பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ இல்லாமல் சாதாரணக் குற்றப் புலனாய்வுக்கு 5(2)ஐ நீட்ட முடியாது என்பது அந்த இரண்டாவது தீர்ப்பு. ‘லாஃபுல்’ சேர்ந்து வரும்போது ‘சட்டப்படியான ஒட்டுக்கேட்பு’ என்று எழுதக் கை கூசுகிறது என்கிறார்கள். கூசட்டுமே.

> ‘ப்ரொபோர்ஷனாலிட்டி’ = விகிதாசாரம். பாதுகாப்பையும் உரிமையையும் தராசில் வைத்துச் சமன் பார்ப்பது.

இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது, மன்னிக்கவும். விகிதாசாரம் என்றால் தேர்தலில் இடம் பங்கிடுவது. தராசு உவமையும் தவறு. தராசில் ஒரு தட்டில் ‘நாட்டின் பாதுகாப்பு’ என்று வைத்துவிட்டால் மறுதட்டில் ஒரு தனியாளின் போன்பேச்சு எந்தக் காலத்தில் இறங்கும்? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றபோது, அதில் கைவைப்பதற்குச் சொன்ன வழி எடை போடுவது மட்டுமில்லை. சட்டம் இருக்கிறதா, நோக்கம் நியாயமானதா, எடுத்த வழி அந்த நோக்கத்துக்குத் தக்கதா என்று கேள்விகளாக அடுக்கியது அந்தத் தீர்ப்பு. மூன்றாவதுக்குத் தமிழில் அழகான பழமொழி இருக்கிறது: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? பூச்சி இருக்கிறதா என்பதில் சண்டை இல்லை. கொல்லவேண்டும் என்பதிலும் சண்டை இல்லை. வேறு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். தனியுரிமை, குடிமை உரிமை மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவுக்கு இருந்த அச்சுறுத்தல் எதிலும், அழைப்பு விவர அள்ளலால் பயங்கரவாதப் புலனாய்வின் முடிவு மாறியதாக ஒரு நிகழ்வைக்கூடக் காணவில்லை என்றது. தராசு உவமையில் இந்த அறிக்கையை எங்கே வைப்பீர்கள்? இரண்டு தட்டிலும் இடமில்லை.

ஆகவே தகவு. பள்ளிப் பாடநூலில் இரு அளவுகளின் ஒப்புக்கும் இந்தச் சொல் வந்துவிட்டது. தக்கது, தகுதியானது என்ற பழம்பொருளும் அப்படியே இருக்கிறது. தகவுச் சோதனை, தகவற்ற தலையீடு என்று சொல் நன்றாக வளைகிறது. ஒரே ஒரு தொல்லை, ‘தகவல்’ என்று தட்டச்சுப் பிழை வரும். மெய்ப்பு பார்ப்பவர் கவனிக்கட்டும்.

‘மெட்டாடேட்டா’ பற்றி நீளமாக எழுத மனமில்லை. மீத்தரவு, மேனிலைத் தரவு, தரவின்தரவு எல்லாம் புழங்குகின்றன, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு வழக்குகளில் மட்டும் ‘உறைமேல் விவரம்’ என்று விரித்து எழுதினால் வாசகருக்குப் புரிகிறது. கடிதத்தைப் பிரிக்கவில்லை, உறையின்மேல் இருப்பதைத்தான் குறித்துக்கொண்டோம் என்று அரசு சொல்லும்போது அவர்கள் சொல்வது என்னவென்றும் தெரியும், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்றும் தெரியும்.

ஒன்று பாக்கி. அமெரிக்காவின் அதே 1978 சட்டத்துக்கு 2008இல் வந்த திருத்தத்தின் 702ஆம் பிரிவில், வெளிநாட்டில் இருக்கும் அயலாரைக் குறிவைக்கும்போது அவரோடு பேசிய அமெரிக்கரின் பேச்சும் கூடவே வந்துவிழுகிறது. இதைத் தற்செயல் என்று எழுதுகிறார்கள். வரும் என்று தெரிந்தே வீசிய வலையில் வருவது தற்செயலா? கூடவே அகப்படுவது என்ற பொருளில் ‘உடன்படல்’ என்று எழுதினால் சம்மதம் என்றாகிவிடும். தூத்துக்குடி, நாகை, மன்னார்ப் பக்கத்து நண்பர்களே, ஒரு மீனை நினைத்துப் போட்ட வலையில் கூடவே ஏறிவரும் மற்ற மீனுக்கு உங்கள் துறையில் என்ன பெயர் சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.