அப்பா எழுதிய புத்தகத்தையே போன் அவருக்கு வாசிக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக இரண்டு கண்ணிலும் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, பாதிப்பு. ஓரங்கள் தெரிகின்றன, வீட்டுக்குள் தானாக நடமாடுகிறார், ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மங்கிப் போகிறது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, பயனில்லை. 2003இல் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார், அதைத் திருத்தி மறுபடி அச்சிட வேண்டும் என்று இப்போது ஆசைப்படுகிறார். அச்சகத்திலிருந்து பிடிஎஃப் வாங்கிவிட்டேன். போனில் தமிழ்க் குரல் இருக்கிறது, வாட்ஸப் செய்தியெல்லாம் நன்றாக வாசிக்கிறது. இந்தப் பிடிஎஃப்பைத் திறந்தால் மட்டும் எம், கே, ஜே என்று ஆங்கில எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போகிறது. திரையில் பார்த்தால் அழகான தமிழ்! வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்குவதானாலும் சரி. நானே தினமும் வாசித்துக் காட்டலாம்தான், ஆனால் "நீ உன் வேலையைப் பாரும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

விரல்வாசகன்:
செயலி எதுவும் வாங்காதீர்கள் அக்கா, கோளாறு செயலியில் இல்லை, கோப்பில் இருக்கிறது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, 14 வருடமாகக் கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ வைத்துத்தான் வேலை பார்க்கிறேன், இந்த எம் கே ஜே எனக்கு ரொம்பப் பழக்கம். அந்தக் காலத்தில் பாமினி மாதிரி எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்வார்கள். அதில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்திருக்கும், அவ்வளவுதான். 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணால் பார்ப்பவருக்கு அது அம்மா. உள்ளே இருப்பதை எடுத்து வாசிக்கும் குரலுக்கு அது வெறும் எம் கே. இப்படி உள்ளிருப்பதை எடுத்து வாசிக்கும் செயலியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதைத்தான் வாசிக்கும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு வைத்திருக்கும் யூனிகோடை தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்குப் பல வருடம் கழித்து நான் ஒரு தேர்வுக்குப் படிக்கும்போது வந்த பாடத்திட்டம் இதே மாதிரி கோப்பு. நண்பன் ஒருவன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எனக்காக மறுபடி தட்டச்சு செய்து கொடுத்தான். அவன் செய்திருக்கவே வேண்டாத வேலை அது.

பழைய டிடிபி:
அவர் சொல்வது சரி, 2003 என்றால் அநேகமாக பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்திருப்பார்கள். நானும் அந்த வருடங்களில் நூற்றுக்கணக்கான பக்கம் பாமினியில் அடித்தவன், இப்படி ஒரு நாள் ஒருவர் காதுக்குப் போய்ச் சேராது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, வருத்தமாக இருக்கிறது.

முதலில் கணினியில் அடோபி ரீடரில் திறந்து, ப்ராப்பர்டீஸ் போய், ஃபாண்ட்ஸ் என்ற பகுதியில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மொத்தத்தையும் நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு, அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக வந்துவிடும், இலவசம்தான். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறிக் கன்னாபின்னாவென்று வரும், அதை மட்டும் கையால் சரிசெய்ய வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது வரிகள் முன்பின்னாக வந்தால் அச்சகத்தில் பேஜ்மேக்கர் கோப்பையே கேளுங்கள், தூக்கிப் போடாமல் வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் பக்கங்களைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறங்கள், படத்திலிருந்து எழுத்தை எடுத்துக் கொடுக்கும். பிடிஎஃப்பாகவே ஏற்றினால் உள்ளே இருக்கும் எம் கே திரும்ப வரலாம், அதனால்தான் படம். ஆனால் இதில் பிழைகள் இருக்கும், பக்கத் தலைப்பு நடுவாக்கியத்தில் புகுந்துவிடும். எழுத்துருவை மாற்றுவதுதான் சுத்தம்.

நிலாப்பெண்:
கோப்பு சரியானதும், திரையில் இருப்பதையெல்லாம் குரலில் சொல்லும் டாக்பேக்கை அப்பாவிடம் கொடுக்காதீர்கள். எனக்கு ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய், 16 வயதில் தெரிந்தது, உங்கள் அப்பா மாதிரியே நடுப்பார்வைதான் போனது. டாக்பேக்கைப் போட்டால் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு, தள்ளுவதற்கு இரண்டு விரல் என்று போனே வேறு ஆளாகிவிடும், ஓரளவு தெரிபவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். செலக்ட் டு ஸ்பீக் என்று போன் செட்டிங்ஸில் அதே அக்ஸசிபிலிட்டி பகுதியில் ஒன்று இருக்கிறது, வேண்டிய பத்தியைத் தொட்டால் வாசிக்கும், மற்ற நேரம் போன் போனாகவே இருக்கும்.

அப்புறம், எழுத்து போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லோ விஷன் கிளினிக் என்று தனியாக இருக்கிறது, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயாவில் உண்டு. கண்ணாடி எழுதிக் கொடுக்கும் இடம் வேறு, இது வேறு. சற்றே தள்ளிப் பார்த்து, மிச்சமிருக்கும் ஓரப் பார்வையால் வாசிக்க அங்கே பழக்குவார்கள். விளக்கு வைத்த ஸ்டாண்ட் மேக்னிஃபையரை அவர் கையில் கொடுத்துப் பார்த்துத்தான் எத்தனை மடங்கு என்று சொல்வார்கள், தயவுசெய்து ஆன்லைனில் பெரியதாகப் பார்த்து வாங்காதீர்கள், மடங்கு கூடக் கூட ஒரு நேரத்தில் தெரியும் எழுத்து குறைந்துகொண்டே போகும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: கருப்பு சார்ட் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக வெட்டி, பக்கத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் வெள்ளைத் தாளின் கூச்சம் மறைந்து அந்த ஒரு வரி மட்டும் நிற்கும். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து, தாளுக்குக் கிட்டே வர வேண்டும். என் அம்மா பழைய ஷூ பெட்டி மூடியில் வெட்டிக் கொடுத்த அட்டையோடுதான் கல்லூரி முடித்தேன்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து வருகிறேன். பாமினியேதான். மாற்றியதில் மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை, ஆங்கிலச் சொற்கள் பத்துப் பன்னிரண்டு மட்டும் திருத்தினேன். லோ விஷன் கிளினிக்குக்கு அடுத்த வாரம் போகிறோம். கருப்பு அட்டையில் தலைப்புகளை மட்டும் வாசிக்க முடிகிறது, சின்ன எழுத்து இன்னும் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்து, குரலின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். 23ஆம் பக்கத்தில் சட்டென்று நிறுத்தச் சொன்னார். "ஏரியின் கிழக்கு மகது என்கிறதே, மறுபடி போடு." போட்டேன். மகதுதான். மாற்றும்போது வந்த பிழையோ என்று அச்சுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் மகது என்றே இருக்கிறது. "அன்றைக்கு மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன், கண்ணுக்கு மதகு என்றே பட்டிருக்கிறது" என்றார். இதுவரை அவர் காதில் பிடித்தது ஏழு பிழை, தாளில் குறித்து வைத்திருக்கிறேன், இன்னும் 40 பக்கம் பாக்கி.