மிளகாய் இலைச் சுருளல்: நேரில் பார்த்துச் சொல்ல யாரை அணுகலாம்?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்கள் வளவில் அம்மா மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறா. மிளகாயில் இலை சுருளுது. சில கன்றுகளில் மேல்நோக்கி, சிலவற்றில் கீழ்நோக்கி. மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (இலைப்பேன்), கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி (சிலந்தி இனத்துச் சின்ன உயிரி) என்பார்கள். வெள்ளை ஈ பரப்பும் வைரசாலும் சுருளும், அதற்கு மருந்தே இல்லை. பூச்சிக்கு அடிக்கிற மருந்துகள் பலவற்றுக்குச் சிற்றுண்ணி சாகாது. அதனால், கடையில் தருவதை வாங்கி அடிக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், சரி. ஆனால் இலையைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஒருவர் வேண்டும். கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியர் சின்ன வீட்டுத் தோட்டத்துக்கும் வருவாரா, இல்லாவிட்டால் கன்றைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டலாமா? எந்த நாளில் போனால் சந்திக்கலாம்? யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் வீட்டுத்தோட்டப் பயிற்சி ஏதும் நடந்தால் அதையும் சொல்லுங்கோ, அம்மா கட்டாயம் வருவா. மண், கிணற்று நீர்ப் பரிசோதனை செய்தவர்கள் எங்கே கொடுத்தீர்கள்?