ஓடையைக் காக்க முகநூல் பதிவு மட்டும் போதவில்லை. வேறு என்ன செய்யலாம்?

அடிவாரவாசி:
சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையில் கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். முகநூலில் நான் இட்ட காணொளியை வெளியூர்க்காரர்கள் பலர் பகிர்ந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய அழைத்தபோது எங்கள் தெருக்காரர்களைத் தவிர ஒருவரும் வரவில்லை. சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும்?

ஏற்காடு சாலை:
காணொளியைப் பார்த்து மனம் கொதித்தது, ஐயா. ஆனால் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. புல எண் (நிலத்தின் சர்வே எண்), தேதி, பொறுப்பான அலுவலகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒரு பதிவில் ஒரே ஒரு கோரிக்கையை வையுங்கள். வாரந்தோறும் அதே பாலத்தில் நின்று அதே கோணத்தில் படமெடுத்து இட்டால், குப்பை அள்ளப்பட்டதா இல்லையா என்பதை யாரும் மறுக்க முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, உங்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மறைத்து ஒப்புகைச் சீட்டை வெளியிடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்தி மனுவின் நிலையைக் கேளுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போடலாம்.

கன்னங்குறிச்சிக்காரி:
எங்கள் மூக்கனேரியை 2010ஆம் ஆண்டு சேலம் மக்கள் குழுவினர் தூர்வாரி, வண்டலைத் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் இருந்ததால்தான் அந்த ஏரி மீண்டது. ஆள் சேர்க்க வேண்டுமானால் முகநூலை விட ஊர் வாட்ஸ்அப் குழுவே உதவும். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக, ஊரே அறிந்த ஓர் அக்காவின் குரலில் அரை நிமிடப் பதிவு அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சட்டம் படித்தவன்:
கொட்டுகிறவரின் முகத்தை வெளியிடாதீர்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு ரத்து செய்துவிட்டாலும், அவதூறு வழக்குக்கு இன்றும் இடமுண்டு. அதைவிட முக்கியமாக, மூட்டையை இறக்குபவர் பெரும்பாலும் தினக்கூலித் தொழிலாளி; அவரை ஊரறிய அவமானப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வண்டி எண் தெரியும் படத்தை மனுவோடு மட்டும் இணையுங்கள்.

அடிவாரவாசி:
மூவருக்கும் நன்றி. புல எண்ணை எங்கே பார்ப்பது?

ஏற்காடு சாலை:
கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் இருக்கும். ஓடை புறம்போக்கா, வனத்துறை எல்லையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மனு யாருக்குப் போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.