கொழுக்கட்டைப் புல் விதைய குருவிங்க தின்னுடுது, என்ன பண்றதுங்க?

கொறங்காட்டான்:
வணக்கங்க. காங்கயம் பக்கம் நமக்கு நாலு ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சக் காடு), மழை சரியில்லாம புல்லு அங்கங்க சொட்டையா போச்சுன்னு ஆடில கொழுக்கட்டைப் புல் விதை தூவினேன், மறுநா காலைல பாத்தா சில்லையும் புறாவும் கூட்டங்கூட்டமா எறங்கி மேயுது. மழை பேஞ்சும் அங்கொண்ணு இங்கொண்ணுதான் மொளைச்சிருக்கு. இதுங்களே காட்டுப் புல்லை அழிச்சிருமோன்னு பயமா இருக்குது. பட்டாசு வெடிச்சு வெரட்டலாமா?

வெள்வேல்நிழல்:
வெரட்டாதீங்கண்ணா. விதை எப்ப உருவுனதுங்க? இந்தப் புல்லு விதைய உருவுன கையோட போட்டா மொளைக்காது, பல மாசம் ஒறக்கத்துலயே கெடக்கும். பழி குருவி மேல போயிருது.

சில்லைக்கூடு:
குருவி தின்ன விதை போனது போனதுதாங்க, அத மறைக்க வேண்டாம். மைனா ஆலம்பழத்தத் தின்னா எச்சத்துல விதை முழுசா வந்து மரமாகும், புறாவும் சில்லையும் அப்பிடி இல்ல, முழுங்கி வச்ச பொடிக்கல்லோட சேத்து வயித்துக்குள்ளயே மாவா அரைச்சிரும். ஆனா கொழுக்கட்டை பல வருசம் நிக்கற புல்லு, தூர் உசுரோட இருந்தா ஒரு மழைக்கே துளுத்துரும், விதை போனாலும் தாங்கும். ஒரே பருவத்துல காஞ்சு போற புல்லுங்களுக்குத்தான் விதை போனா அடி பலமா விழும். உங்க காட்டுல தூரே இல்லாத சொட்டைல தூவினதால கண்ணுக்குத் தெரியுது.

விதை தின்னற குருவின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருதுங்க. நம்ம நெருஞ்சிக்குப் பங்காளிச் செடி ஒண்ணு பசிபிக் கடல்ல இருக்கற கலாபகஸ் தீவுல இருக்கு. 1977 வறட்சில பொடி விதையெல்லாம் தீந்து, அந்த முள்ளுக்காய உடைக்கத் தெம்புள்ள தடி அலகுக் குருவிங்கதான் அதிகமா பொழைச்சுதுங்க, டாஃப்னி மேஜர்ங்கற குட்டித் தீவுல பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட்ங்கற ஆராய்ச்சியாளர் தம்பதி ஒவ்வொண்ணா புடிச்சு அலகை அளந்து வச்சிருந்தாங்க. நெனச்சாலே எனக்குச் சிலிர்க்கும்.

கொறங்காட்டான்:
விதை பங்குனில உருவுனதுங்க! நாலு மாசம்தான் ஆச்சு.

வெள்வேல்நிழல்:
அப்ப அதுதாண்ணா பாதிக் காரணம். மிச்ச விதைய அடுத்த வருசத்துக்கு எடுத்து வைங்க. போடறப்ப சாணியும் செம்மண்ணும் பெசைஞ்சு உருட்டிப் போடுங்க, இல்லாட்டி லேசா கீறிவுட்டு மண்ணு மூடற மாதிரி தூவுங்க, ஆழமா போயிரக்கூடாது. மேல கெடந்தா குருவி விட்டாலும் எறும்பு தூக்கிரும். நாத்து தூர் கட்டற வரைக்கும் அந்தப் பக்கம் ஆட்ட விட்டுராதீங்க.

சில்லைக்கூடு:
கிளுவ வேலிய மட்டும் வெட்டிராதீங்கண்ணா, சில்லை அதுலதான் கூடு கட்டும்.