வானொலியோடு வளர்ந்த திருகோணமலைப் பெரியவர்களோடு உரையாட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். உப்புவெளியில் வசிக்கும் நான், ஊடக உளவியலில் முதுமாணிக் கற்கையை இணையவழியில் தொடங்கியிருக்கிறேன். அறிமுக வாரம் கடந்த வெள்ளியன்று நிறைவுற்றது. பதிவு, நூலக அனுமதி போன்றவை விரைவாக முடிந்துவிட்டன. ஆனால் 1956இல் டொனால்ட் ஹோர்ட்டனும் ரிச்சர்ட் வோலும் எழுதிய கட்டுரை பற்றிய அமர்வு இன்னும் மனதை விட்டு அகலவில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அன்றாடம் பேசும் ஒருவரை, அவர் நம்மை அறியாதபோதும், நெருங்கியவராகவே உணர்கிறோம் என்பதை அவர்கள் விளக்கியிருந்தார்கள். எனக்கு உடனே அம்மம்மாதான் கண்முன் வந்தார். காலையில் அறிவிப்பாளர் வணக்கம் சொன்னதும், குசினியில் தேங்காய் துருவியபடியே "வணக்கம் தம்பி" என்பார். அந்தக் குரல் இரண்டு நாள் கேட்காவிட்டால், "பிள்ளைக்குச் சுகமில்லையோ" என்று கவலைப்படுவார்.

என் முதல் ஒப்படை இதைப் பற்றியதே. திருகோணமலை நகரம், நிலாவெளி, கிண்ணியா, மூதூர் பகுதிகளில், வானொலி கேட்டு வளர்ந்த 60 வயதைக் கடந்தவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால், அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு, அரை மணி நேரம் உரையாட உதவுவீர்களா? நானே வீட்டுக்கு வருவேன். பெயர்களை வெளியிட மாட்டேன். விரும்பாத கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இவ்வுறவை இப்போதைக்கு "ஒருவழி நெருக்கம்" என்று எழுதிவருகிறேன். ஆனால் அச்சொல்லில் அம்மம்மா திருப்பிச் சொன்ன வணக்கத்துக்கு இடமில்லை. பொருத்தமான தமிழ்ச் சொல் தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே தெரிவியுங்கள்.