பாலிகார்பனேட் சுவர் வைத்தால் ரெண்டரில் அறை இருட்டாகிறது: உதவி வேண்டும்

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன வீடு வரைந்துகொண்டிருக்கிறேன். வடக்குச் சுவர் முழுக்க 10 மி.மீ. ஓப்பல் (பால்வெள்ளை) பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல், அதிலேயே உள்ள சைக்கிள்ஸ் இன்ஜினில் ரெண்டர் (கணினி படம் உருவாக்குவது). ஷீட்டை அப்படியே, இரண்டு தோலும் நடுவில் விலாக்களுமாக மாடல் செய்து, பிரின்சிபில்டு ஷேடரில் (பொருளின் தன்மையைச் சொல்லும் அமைப்பு) டிரான்ஸ்மிஷன் (ஒளி ஊடுருவல்) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.5, ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.58 கொடுத்திருக்கிறேன். உள்ளே குகை மாதிரி இருட்டு, போதாததற்கு வெள்ளைப் புள்ளிகள். சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு விடும் கதிர்களின் எண்ணிக்கை) 4096 வரை ஏற்றியும் போகவில்லை.

வீட்டுக்கார அம்மா கேட்பது ஒன்றுதான்: “மேகம் இறங்குற நாள்ல பகல்ல லைட் போடாம இருக்கலாமா தம்பி?” அதற்கு உண்மையான படம் காட்ட வேண்டும். எக்ஸ்போஷரை ஏற்றி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

பதில் (குன்னூர்):
லைட் பாத் நோடில் ‘இஸ் ஷேடோ ரே’ (இது நிழல் கணக்கிடும் கதிரா என்று சொல்வது) எடுத்து, அந்தக் கதிர்களுக்கு மட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷேடர் கலந்து விடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு நான் எப்போதும் அதைத்தான் செய்கிறேன். அறை உடனே வெளிச்சமாகிவிடும்.

பதில் (கொடைக்கானல்):
அண்ணா சொன்னது தெளிவான கண்ணாடிக்குச் சரி. இங்கே போட்டால் வெயில் கூரான விளிம்போடு தரையில் கட்டம் கட்டமாக விழும். ஓப்பல் ஷீட் அப்படி விடாது, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும்.

தம்பி, கையில் சாம்பிள் துண்டு இருந்தால் ஜன்னலில் பிடித்து, பின்னால் விரலை வையுங்கள். ஒட்டினால் விரல் தெரிந்து, ஒரு சாண் தள்ளினால் வெறும் மங்கலான நிழலாகிவிட்டால், அது ரஃப்னஸ் கூடிய கண்ணாடி அல்ல. அதற்கு டிரான்ஸ்லூசன்ட் பிஎஸ்டிஎஃப், அதாவது ஒளியை மறுபக்கம் சிதறவிடும் ஷேடர் வேண்டும்.

இருட்டுக்கு முதல் காரணம், கண்ணாடி வகை ஷேடரைத் தாண்டி வரும் விளக்கொளியை சைக்கிள்ஸ் காஸ்டிக்ஸாகத்தான் (கண்ணாடியில் விலகி வந்து விழும் ஒளி) கணக்கிடும். நேரடி நிழல் கதிர் ஷீட்டிலேயே நின்றுவிடுகிறது. எப்போதாவது தப்பி வரும் கதிர்தான் உங்கள் வெள்ளைப் புள்ளி. இரண்டாவது, அந்த இரட்டைத் தோல். ஒவ்வொரு தோலிலும் ஒளி மறுபடி சிதறிக் குறைகிறது. அதையெல்லாம் அழித்துவிட்டு ஒரே ஒரு தளம் வையுங்கள், கனமே வேண்டாம். மிக்ஸ் ஷேடரில் வெள்ளை டிஃப்யூஸும் வெள்ளை டிரான்ஸ்லூசன்ட்டும். ஃபேக்டர், ஷீட்டின் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் ஒளி ஊடுருவல் சதவீதம். 50 என்றால் 0.5. விலாக்களுக்கு மெல்லிய செங்குத்துக் கோடுகளாக ஒரு டெக்ஸ்சர் போதும்.

கேட்டவர்:
அக்கா, விரல் சோதனை நீங்கள் சொன்னபடியே வந்தது! ஒரே தளமாக மாற்றினேன், புள்ளிகள் போய்விட்டன, 512 சாம்பிளே போதுகிறது. ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எக்ஸ்போஷரை மாற்றினால் படமும் மாறிவிடுகிறதே?

பதில் (ஊட்டி):
படத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விகிதத்தை எடுங்கள். முதலில் சூரிய விளக்கை அணையுங்கள். நம் ஊர் மூடிய வானத்துக்கு, உச்சியில் இருக்கும் பிரகாசம் அடிவானத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. சிஐஈ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் தரப்படுத்திய மேகமூட்ட வானம் அதுதான். வேர்ல்டில் (பிளெண்டரின் வான அமைப்பு) ஒரு கிரேடியன்ட் போட்டாலே கிடைத்துவிடும். எதிர்ச்சரிவையும் சவுக்கு மரங்களையும் கட்டாயம் மாடலில் வையுங்கள். மலையில் பாதி வானத்தை மறைப்பது அவைதான்.

அப்புறம் ஒரே மாதிரி இரண்டு வெள்ளை அட்டை. ஒன்று வெளியே திறந்த வெளியில், ஒன்று உள்ளே மேசை உயரத்தில், இரண்டும் படுக்கையாக. ரெண்டர் ஆனதும் அந்தப் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால் பிக்சலின் எண் வரும். உள்ளே உள்ளதை வெளியே உள்ளதால் வகுத்தால் பகலொளிக் காரணி. எக்ஸ்போஷர் எதுவானாலும் அது மாறாது. அறையில் சராசரி 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் விளக்கு வேண்டியிருக்கும், 5 தாண்டினால் பகலில் பெரும்பாலும் வேண்டாம். வெளியே 10,000 லக்ஸ் இருக்கும்போது 2 சதவீதம் என்பது 200 லக்ஸ்.

இன்னொன்று. வடக்குச் சுவர் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நாம் இருப்பது ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சரேகையில். சித்திரை முதல் வாரம் கழிந்தால் ஆவணித் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களுக்குச் சூரியனோடு ஒரு படமும் எடுங்கள்.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன். சுவரை ஒட்டி 9, நடுவில் 4.6, பின்சுவர் மூலையில் 1.4. சமையல் மேடையை அந்த மூலையில்தான் வரைந்திருந்தேன். இப்போது நடுவுக்குக் கொண்டுவந்து, பின் கூரையில் ஒரு ஸ்கைலைட் சேர்த்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் படத்தோடு இந்த எண்களையும் காட்டப் போகிறேன். மூன்று பேருக்கும் நன்றி.