வாழவந்தி பிரசங்கியார் குடும்பம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வெளியூர்ல டாக்டருங்ககிட்ட நமக்கு கொல்லிமலைன்னு சொன்னா, ஓ பால் பிராண்ட் பொறந்த ஊரான்னு சிலபேர் கேப்பாங்க, நாமளும் பெருமையா தலையாட்டுவோம். வேலூர் சி.எம்.சி-யில தொழுநோயால மடங்கிப்போன கைய ஆபரேஷன் பண்ணி நிமித்துனவரு, பெரிய மனுசந்தான். ஆனா அந்தக் குடும்பத்துல மொதல்ல பேச வேண்டியது அவங்கப்பா ஜெஸ்ஸி பிராண்டைன்னு எனக்குத் தோணும்.

அவரு இங்கிலாந்துல கில்ட்ஃபோர்டுக்காரர், கட்டட வேலை பாத்த குடும்பம். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்ங்கிற கிறிஸ்தவ ஊழியச் சபை மூலமா 1907-ல வந்து மலையடிவாரம் சேந்தமங்கலத்துல இருந்துட்டு, 1913-ல எவ்லினைக் கட்டிக்கிட்டு நேரா மலைக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. அந்தம்மா லண்டன்ல வசதியான வீட்டுப் பொண்ணு, நல்லா படம் வரைவாங்க, அவரை விட வயசுல மூத்தவங்க. அப்ப இங்க ரோடும் இல்ல ஒண்ணும் இல்ல, மலேரியா மட்டும் தாராளமா இருந்துச்சு.

பாப்டிஸ்டுங்ககிட்ட கொழந்தைக்குத் தண்ணி தெளிக்கிற வழக்கம் கெடையாதுங்க, வெவரம் தெரிஞ்சு தானா ஒத்துக்கிட்டு வந்தாத்தான் முழுக்கு ஞானஸ்நானம், அதனால இவரு ஊர் ஊரா நடந்து பிரசங்கம் பண்ணியும் பல வருஷம் யாரும் தண்ணியில எறங்கல. பூசாரி எதிர்ப்பு வேற. அந்தப் பூசாரியே விஷக்காய்ச்சல் காலத்துல சாகக் கெடந்தப்ப புள்ளைங்கள இவங்க கையிலதான் ஒப்படைச்சாரு. பிரசங்கத்துல ஆகாதது அதப் பாத்து ஆச்சு, ஜனங்க மனசு எளகி ஞானஸ்நானம் எடுக்க ஆரம்பிச்சாங்க.

எனக்குப் புடிச்சது நரம்புச் சிலந்தி கதைதான், அதாவது குடிதண்ணி வழியா ஒடம்புக்குள்ள போற கினிப்புழு நோய். காலுல கொப்புளம் வெடிச்சு புழு தலைய நீட்டும், அதைக் குச்சியில சுத்தி தெனம் கொஞ்சமா இழுக்கணும், அவசரப்பட்டா அறுந்து உள்ளயே சீழ் வெச்சுரும். ஜெஸ்ஸி ஒரு வருஷம்போல வைத்தியம் படிச்சுட்டு வந்தவரு, புழு எடுக்குறதோட நிக்கல. புண்ணுக்காலோட படிக்கெணத்துல எறங்குறதாலதான் பரவுதுன்னு சொல்லி, கெணத்தச் சுத்திக் கல்லு செவுரு வைக்கச் சொன்னாரு, குடிதண்ணிய துணியில வடிகட்டச் சொன்னாரு, தண்ணியில புழுக்குஞ்சச் சுமக்குற நுண்ணு ஜந்துவத் திங்க மீனையும் கெணத்துல விட்டாரு. கொத்தனார் வீட்டுப் புத்தி பாருங்க, மருந்தை விட செவுருதான் மொதல்ல ஞாபகம் வருது! இந்தியாவுல அந்த நோயே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்தது 2000-ல.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தச் சீழையும் ரத்தத்தையும் பாத்து வளந்த பால் எனக்கு டாக்டர் வேலையே வேண்டாம்னுட்டு மொதல்ல கட்டட வேலைதான் கத்துக்கிட்டாரு. மருத்துவமெல்லாம் அப்புறம்.

1923-ல புள்ளைங்கள படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புனாங்க. 1929 ஜூன்ல ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சல்ல, அதாவது மலேரியா முத்திப்போய் வர்ற காய்ச்சல்ல போயிட்டாரு, 44 வயசு. சேதி தந்தியில போயிருச்சு, அவரு மகனுக்கு எழுதுன கடுதாசி கப்பல்ல மெதுவா அதுக்கப்புறம் போய்ச் சேந்துச்சு.

எவ்லினம்மா இங்கிலாந்துலயே போய்த் தங்கிடலீங்க. வயசாயிருச்சு, மறுபடி அனுப்ப மாட்டோம்னு மிஷன் சொல்லவும், ரிட்டயர் ஆயிட்டு நானே மலையில இருந்துக்குறேன்னுட்டாங்க, பச்சமலை, கல்வராயன் மலைன்னு பக்கத்து மலைக்கெல்லாம் குதிரையிலயும் ரெண்டு மூங்கில் குச்சி ஊனியும் போய்ட்டே இருந்து 1974-ல 95 வயசுல தவறுனாங்க. அடம்னா அடம். கொல்லிமலையில அவங்க குடியிருந்த வாழவந்தியில புருசன் பக்கத்துலயே அடக்கம்.

உங்க தாத்தா பாட்டி யாராச்சும் அவங்க மலையில நடத்துன ஸ்கூல்லயோ புள்ளைங்க ஹோம்லயோ வளந்திருந்தா இங்க ஒரு வரியாச்சும் போடுங்க, பழைய ஞானஸ்நான சர்டிபிகேட் பெட்டியில கெடந்தாலும் ஸ்கேன் பண்ணி வைங்க, கரையான் காத்திருக்காது.